மோத்தி காலைத் தூக்கும் நேரம்

மயிலாப்பூர்
24-3-1931

ஹாஜிரா பீக்கு,

கோமளம் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரர் வலியுல்லா பாய் போய் இரண்டு மாதம் தாண்டிவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி போடாமல் இருந்துவிட்டு, எனக்குக் காரியம் என்றதும் காகிதம் எடுத்திருக்கிறேன். திட்டினாலும் சரி, பதில் போடு.

மோத்தி சரியாக இல்லை. அடையாற்றுப் பாலத்து இறக்கத்தில் பாயோடு வண்டி கவிழ்ந்ததிலிருந்தே நொண்டல்தான். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்பக்கம் சாய்ந்தபடி நிற்கிறது. கொள்ளை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 'ஆளை முழுங்கின குதிரை' என்று புதுக் குதிரைக்காரன் எவனும் இங்கே நாலு நாள் நிற்கவில்லை. ஆத்துக்காரர் மோட்டார் வாங்கிவிட்டார். சித்திரை முடிவதற்குள் நடக்காவிட்டால் சுட்டுவிடச் சொல்லுவேன் என்கிறார். உன் தகப்பனார் குதிரை வைத்தியர், நீயும் கூட நின்று பழகினவள் என்று பாய் பெருமையாகச் சொல்லுவார். ஒரு தடவை வந்து பாரேன்.

இன்னொன்று. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு மோத்தி காதைக் கொல்லை வாசல் பக்கம் திருப்புகிறது. அப்புறம் வலது முன்னங்காலைத் தூக்கி, மடக்கி, பத்து எண்ணுகிற வரைக்கும் வைத்திருக்கிறது. இறக்கிவிட்டு அடுத்த கால். இப்படி நாலு காலும். யாரோ குந்தி உட்கார்ந்து கையில் வாங்கிப் பார்க்கிற மாதிரி! பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. நிற்கவே நோகிற கால், யார் கேட்டுத் தூக்குகிறது? பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது, ஹாஜிரா.

கோமளம்


சைதாப்பேட்டை
27-3-1931

அம்மா அவர்களுக்கு ஹாஜிரா பீயின் சலாம்.

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மோத்தி பெயரைப் பார்த்ததும் கை மாறிவிட்டது.

நான் வர முடியாது. இத்தா இருக்கிறேன். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் நாங்கள் வாசல் தாண்டுவதில்லை. அண்ணன் அப்துல் கய்யூம் வீட்டு உள்ளறையில் கிடக்கிறேன். ஆகவே நீங்கள்தான் எனக்குக் கண்ணும் கையும்.

லாயத்துக்குள் போகுமுன் குரல் கொடுங்கள். சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போனால் உதைக்கும், குற்றம் நம்முடையது. இவர் வாசலிலேயே இரண்டு தரம் இருமி, 'நான்தான்டா ராஜா' என்பார். தோளில் கை வைத்து, தடவிக்கொண்டே தலைப்பக்கம் போங்கள். தாடை எலும்புக்கு அடியில் கயிறு மாதிரி ஒரு நரம்பு உருளும். கடிகாரம் வைத்து எண்ணுங்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் இரண்டு எண்ணுவதற்குள் சிவக்கணும். விலாவுக்குப் பின்னால் காதை வையுங்கள். குடல் கடமுடா என்று பேசிக்கொண்டே இருந்தால் நல்லது. சத்தமே இல்லையென்றால் உடனே எழுதுங்கள். கடைசியாகக் குளம்பு. உள்ளங்கையை வைத்துச் சூடு பாருங்கள். குளம்பின் மேல் வளையல் போட்ட மாதிரிக் கோடு இருக்கிறதா, மயிர் முடிகிற இடத்திலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கால் தூக்குவது பேய் இல்லை அம்மா, பழக்கம். பதினோரு வருஷம் தினம் நாலு மணிக்கு இவர் குளம்பு பார்த்தார். மழையானாலும் பார்ப்பார். நோன்பானாலும் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அந்தத் தடவை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டார்? 'குளம்பைப் பார்க்காமப் பூட்டினான், போய்ச் சேர்ந்தான்' என்று உங்கள் வீட்டு வக்கீலய்யா என் அண்ணனிடம் சொன்னார். இந்தத் தெருவே அதைச் சொல்கிறது. மய்யித்தைக் கொண்டுவந்து இறக்கினபோது நானும் தலைமாட்டில் நின்று கத்தினேன்: "பாக்காமப் பூட்டிக்கினு போனியே! உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" அவர் காதில் கடைசியாகப் போட்டது அதுதான். கண்ணை மூடினால் அதுதான் கேட்கிறது.

ஹாஜிரா பீ


மயிலாப்பூர்
2-4-1931

ஹாஜிராவுக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். பால் கறக்கிற ஜானு கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். 'அம்மா, ஒதைச்சா நான் ஓடிப்பூடுவேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், நல்ல துணை! நாடி ஐம்பத்தாறு. ஈறு சிவப்பாகத் திரும்புகிறது. வயிற்றில் சத்தம் கேட்கிறது. வெட்கத்தை விட்டுக் காதை ஒட்டி வைத்தேன், புடவையெல்லாம் மயிர்.

முன்னங்குளம்பு இரண்டும் இட்லிக் கொப்பரை மாதிரிச் சுடுகிறது. வளையமும் இருக்கிறது, இரண்டிலும். மயிர் முடிகிற இடத்திலிருந்து சரியாக என் ஒரு விரல் அகலம் கீழே.

இது என்ன வியாதி? நான் கையைக் குளம்பில் வைத்தபோது அது என்னையே பார்த்தது.

கோமளம்


சைதாப்பேட்டை
5-4-1931

அம்மாவுக்கு சலாம்.

கொள்ளை இன்றே நிறுத்துங்கள். வெல்லம், தவிடு, சோறு ஒன்றும் கூடாது. காய்ந்த புல், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். லாடத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் முழங்கால் உயரம் மணல் கொட்டுங்கள். காலையும் மாலையும் குளம்புக்கு ஈரக் களிமண் அப்புங்கள். நடக்க வைக்கவே கூடாது. இரண்டு மாதம் பிடிக்கும், ஆனால் பிழைக்கும். சுட வேண்டியதில்லை என்று ஐயாவிடம் சொல்லுங்கள்.

வியாதி காலில் இல்லை, வயிற்றிலிருந்து இறங்கினது. மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு அது இல்லை, வாந்தியும் வராது. உள்ளே போனது போனதுதான். இனிப்பும் சோறும் அளவுக்கு மீறிப் போனால், ஒரு நாள் இரண்டு நாளில் குளம்புக்குள் நெருப்பாக இறங்கும்.

குளம்பு நம் நகம் போல மேலேயிருந்து வளருவது. ஒரு விரல் அகலம் வளர இரண்டரை மாதம் ஆகும் என்று என் தகப்பனார் சொல்வார். எண்ணிப் பார்த்தேன், பொங்கல் வருகிறது.

வண்டி கவிழ்ந்து கால் கெடவில்லை அம்மா. கால் கெட்டிருந்ததால் வண்டி கவிழ்ந்தது. பொங்கல் அன்று மோத்தி என்ன தின்றது? இவர் என்ன கொடுத்தார் என்று தெரிந்தால், அதையும் சேர்த்து அவரைத் திட்டித் தீர்த்துவிடுவேன்.

ஹாஜிரா பீ


மயிலாப்பூர்
9-4-1931

ஹாஜிரா,

அவர் ஒன்றும் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

மாட்டுப் பொங்கலுக்குப் பசுவுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மோத்தி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. வருஷம் முழுக்க நமக்கு உழைக்கிற ஜீவன், இதற்கு மட்டும் பண்டிகை இல்லையா என்று தோன்றிவிட்டது. உருளியோடு கொண்டுபோய் வைத்தேன். வழித்து நக்கிற்று. எனக்குச் சந்தோஷமான சந்தோஷம், கற்பூரம்கூடக் காட்டினேன்.

மறுநாள் நாலரை மணி இருக்கும். பாய் கொல்லைப்புறம் வந்து நின்றார். "அம்மா, மோத்தி காலு சூடா கீது. யாராச்சும் இன்னாவாச்சும் துன்னக் குடுத்தாங்களா?" என்றார். ஆத்துக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு நான் அதற்கு வாழைப்பழம் கொடுத்ததற்கே, 'குதிரை விஷயத்துல கை வெச்சே, பார்த்துண்டிரு' என்று பத்துப் பேருக்கு முன்னால் கத்தினவர். "ஒண்ணும் கொடுக்கலையே பாய்" என்றேன். "அப்போ ரோட்டுச் சூடுதாம்மா, காத்தால பாக்கறேன்" என்று போய்விட்டார். நான் சொன்னால் அவருக்குச் சரி, மறு பேச்சு கிடையாது. அன்று ராத்திரி கட்சிக்காரர் வண்டியில் அடையாற்றுக்குப் போன ஆத்துக்காரரைக் காலையில் அழைத்துவர வண்டி பூட்டச் சொன்னார்கள். போனார்.

அவர் பார்த்தார், ஹாஜிரா. பார்த்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார்.

இது எனக்கு உன் கடிதம் வந்துதான் தெரியும் என்று எழுதினால் பாதிப் பொய். இரண்டு மாதமாக நாலு மணி அடித்தால் கொல்லைப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மணல் கொட்டியாகிவிட்டது. களிமண் நானே அப்புகிறேன். பதில் எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

கோமளம்


சைதாப்பேட்டை
30-5-1931

அம்மாவுக்கு,

ஏழு வாரமாக உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. திங்கட்கிழமை இத்தா முடிந்தது. நேற்று வெள்ளிக்கிழமை வெளியே வந்தேன்.

முதலில் கபுருஸ்தான் போனேன். உள்ளே போகவில்லை, மதில் ஓரமாக நின்றேன். "நீ பாத்துட்டுதான் பூட்டின. நான்தான் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடு" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நெஞ்சு மட்டும் லேசானது.

அங்கிருந்து உங்கள் கொல்லை வாசலுக்கு வந்தேன். ஜானு திறந்துவிட்டாள். உள்ளே நீங்கள் வீணை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிட மனம் வரவில்லை. நாலு மணிக்கு மோத்தி காதைத் திருப்பியது. வலது காலைத் தூக்கியது. நான் உட்கார்ந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டேன். அந்தக் கனம் முழுக்க என் கையில் இறங்கியது. நாலு காலும் பார்த்தேன். சூடு போய்விட்டது. நல்ல கவனிப்பு, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவர் மேல் இருந்த கோபத்தை எடுத்துவிட்டேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் மேல் வைத்தால் நியாயம்தான். ஆனால் நீங்கள் பிரியத்தில் கொடுத்தீர்கள், பயத்தில் மறைத்தீர்கள். இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லவில்லை, முடியவில்லை.

வக்கீலய்யாவிடம் சொல்லுங்கள். ஐயா எந்த வாயால் அவர் பேரைக் கெடுத்தாரோ அதே வாயால் என் அண்ணனிடம் சொல்லட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

தினம் நாலு மணிக்கு நீங்கள் போய்க் காலை வாங்குங்கள். இனி அது சும்மா தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. போகுமுன் குரல் கொடுங்கள்.

ஹாஜிரா பீ


மயிலாப்பூர்
4-6-1931

ஹாஜிரா பீ அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

சொல்லிவிட்டேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் இப்போ சொல்றே?" என்றார். "அப்போ சொல்லலை, அதான்" என்றேன். நேற்று மோட்டாரை எடுத்துக்கொண்டு உங்கள் அண்ணனிடம் போனார். தெருவில் நின்றே சொன்னாராம். உங்களுக்கும் கேட்டிருக்கும்.

மோத்தியைச் சுடப்போவதில்லை.

இன்று நாலு மணிக்கு லாயத்துக்குப் போனேன். வாசலில் நின்று, "நான்தான், கோமளம்" என்றேன். காதைத் திருப்பியது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். நாலே கால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. மோத்தி நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு நின்றது. ஒன்றைக்கூட எனக்குத் தூக்கித் தரவில்லை.

நாளைக்கும் போவேன்.

கோமளம்