சுழல்படியில் நான் அழித்த விரிசல்

மார்ச் 6
பத்து மணி வெளிச்சம் கண்ணாடிக் கூரை வழியாக நேராக இறங்கியது. நெரெய்டா அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் சுழல்படியை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தேன். நான்கு சுற்று, நத்தை ஓடு மாதிரி. படியிலிருந்த வாளிகளை அகற்றச் சொன்னேன். அவள் கணவர் எவெலியோ முனகிக்கொண்டே தூக்கிப்போனார். "ஹவானாவுல தண்ணி வர்ற நேரத்துல வாளிய நகத்தச் சொல்ற ஒரே ஆளு நீதான்டா." மூன்றாம் சுற்றுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரத்தை மட்டும் தொடவே கூடாது என்றார். பரவாயில்லை, கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 9
முட்டு மரத்தை அழித்தேன். படி சுவரைவிட்டுப் பிரிந்திருந்த விரிசலையும். இப்போது வளைவு தடையில்லாமல் ஓடுகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.

ஏப்ரல் 22
பத்திரிகை அட்டையில் வந்துவிட்டது!

மே 15
அக்கா வந்தாள். உட்காரவில்லை. அந்தக் கட்டடத்தின் எட்டுக் குடும்பங்களும் வேறு வீடு கேட்டு இரண்டு வருடமாக அலைகின்றன. வீட்டுவசதி அலுவலக ஆய்வாளர் வந்து பார்க்கவேயில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே என் படம் வந்த அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினாராம்.

"ஒரு கீறல்கூட இல்லியே, இதுவா விழப்போற படின்னு கேக்குறாரு தம்பி. நான் என்னத்தச் சொல்ல?"

அழிக்காத மூலப்படத்தைக் கேட்டாள். தேடித் தருகிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது? கணினியில்தான் கிடக்கிறது. கொடுத்தால் என் பொய் ஊருக்கே தெரிந்துவிடும். செப்டம்பரில் மெக்சிகோவில் என் படங்களின் கண்காட்சி வேறு.

மே 24
கொடுக்கவில்லை.

ஜூன் 2
நான்கு நாள் மழை இன்று விட்டது. சுள்ளென்று வெயில். மழையில் ஊறியும் நிற்கிற பழைய கட்டடம் வெயிலில் காயும்போதுதான் விழும் — இங்கே யாருக்குத் தெரியாது? மூலப்படத்தை அச்சுப் போட்டுப் பையில் வைத்துவிட்டேன். நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் 3
காலையிலேயே படி விழுந்துவிட்டது. எவெலியோ தண்ணீர் தூக்கிக்கொண்டு மூன்றாம் சுற்றில் ஏறிக்கொண்டிருந்தாராம். பிழைக்கவில்லை. படம் என் பையிலேயே இருக்கு. என்ன மனுஷன்டா நீ?

ஜூன் 5
நேற்று அடக்கம். இன்று அக்கா கூப்பிட்டு அனுப்பினாள்.

"அந்தப் படம் என்கிட்டயேதான் இருந்துச்சுக்கா."

"தெரியும்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மேல இன்னும் மூணு குடும்பம் ஏணி வச்சு இறங்குது. அவங்களுக்காவது ஆதாரம் வேணும். படம் புடி."

இடிபாட்டில் ஏறி நின்று கேமராவில் கண் வைத்தேன். உடைந்த கைப்பிடி அழகாக வளைந்து கிடந்தது. அதன் குறுக்கே எவெலியோவின் ஒற்றைச் செருப்பு. குனிந்து அதை ஓரமாகத் தள்ளப் போனேன். கை தானாகப் போய்விட்டது.

"அது அங்கயே கெடக்கட்டும் தம்பி," என்றாள் அக்கா.