வாடகை நாக்கு

காலையில் கேன் தண்ணீர் போடும் அண்ணன் புது கம்பெனி கேனைக் கொண்டுவந்து இறக்கிவைத்தார். "இது நல்லாருக்கும் மேடம், பழைய கம்பெனிக்காரன் மூடிட்டான்" என்றார். அவர் படி இறங்கியதும் ஒரு டம்ளர் பிடித்து, வாயில் சுழற்றி, சிங்க்கில் துப்பினேன். துப்பிய பிறகுதான் உறைத்தது, இது உன் பழக்கம்.

சேலையூரில் நாம் சேர்ந்து குடியிருந்த இந்த வீட்டுக்கு எந்தக் கேன் வந்தாலும் நீ முதலில் துப்புவாய். "செத்த தண்ணி" என்பாய். பிறகு குழாயில் வரும் போர் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்து கொதிக்கவைப்பாய். முழுக்கப் போர் தண்ணீர் என்றால் உப்பு, டீயின்மேல் ஏடு கட்டும். வெறும் கேன் தண்ணீர் என்றால் டீ ஊமையாகிவிடும். இந்த ஊரில் உன் டீ இலைக்கேற்ற தண்ணீரே கிடையாது என்று வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறாய், அவர் வாடகை வாங்க வந்திருந்தபோது.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது உன் வேலை. அதற்காகச் சில மாதங்கள் உன்னைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு விடுமுறை நாளில் மலைக்குப் போய், ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் வளர்த்து, தங்கள் மாடியிலேயே வாட்டி உருட்டிய டீயைக் குடித்திருக்கிறாய். திரும்பி வந்தவளுக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை, நான் உட்பட. அங்கேயே தங்கிவிட்ட உன் ஆபீஸ் நண்பர் ஒருவர், வருடந்தோறும் அந்த வீட்டு இலையில் ஒரு டப்பா வாங்கி, ஊருக்கு வரும் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். மெல்லியதாகச் சுருண்ட கறுப்பு இலை, நுனியில் மட்டும் பொன்னிறம்.

முதல் நாள் நான், "பிளாக் டீயா?" என்று கேட்டேன்.

"அங்க இதுக்குப் பேரு சிவப்பு டீ. கறுப்புன்னு சொன்னவன் இலையைப் பாத்தான், சிவப்புன்னு சொன்னவன் கப்பைப் பாத்தான். நீ எதையுமே பாக்கலடீ" என்றாய்.

கைப்பிடி இல்லாத சிறிய மூடிக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தாய். கொதித்த தண்ணீரின் இரைச்சல் அடங்கியதும் இலைமேல் ஊற்றி, மூச்சை இழுத்து விடும் நேரத்துக்குள் வடித்துவிடுவாய். கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடுத்த முறை துவர்க்கும். அதே இலைமேல் மறுபடி ஊற்றி, இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்து, மறுபடி வடிப்பாய். ஒரே இலை, ஒவ்வொரு முறையும் வேறு ருசி. அதை என்னைச் சொல்லவைப்பதுதான் உன் விளையாட்டு.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

என் கையிலிருந்து கப்பைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினாய். "நல்லா இருக்குங்கறது ஒரு பதிலா? அப்படிச் சொல்றவங்க ஒண்ணு ருசி தெரியாதவங்க, இல்ல பயந்தாங்கொள்ளிங்க. நீ ரெண்டும். இவ்ளோ புக் படிக்கற, ஒரு வாய் டீக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாதா?"

அன்றிலிருந்து அந்தச் சொல் இந்த வீட்டில் தடை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் மறுநாளும் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. மெல்ல மெல்லச் சொற்கள் வந்தன. முதல் வடிப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தோல். இரண்டாவதில் காய்ச்சிய வெல்லம். கடைசியில் தண்ணீர் வெளிறிய பிறகு, மழை நின்ற மரப்பட்டை. சரியாகச் சொன்னால், "ம்" என்பாய். நீ யாரையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஓர் எழுத்துதான்.

பிறகு உனக்கு நோய் வந்தது. கோவிலம்பாக்கத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். சிகிச்சை உன் தலைமுடியை எடுத்தபோது நீ கலங்கவில்லை. நாக்கின் ருசியை எடுத்தபோதுதான் உடைந்தாய். எதைக் குடித்தாலும் துருப்பிடித்த இரும்பு. சனிக்கிழமைகளில் நான் வருவேன். நீ வடித்துத் தருவாய், நான் குடித்துச் சொல்வேன்.

"சொல்லு, என் வாடகை நாக்கே" என்பாய். "போயும் போயும் உன் நாக்கை நம்பி என் டீ போகுது பாரு."

நான் சொல்லச் சொல்ல, நீ கண்ணை மூடி வாயை அசைப்பாய். அந்தக் கொஞ்ச நேரம் உனக்கு ருசி தெரிந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த வருடத்து டப்பா தாமதமாக வந்தது. அங்கே இலையை வாட்டும் நாட்களில் மழை விடவே இல்லையாம். இருந்தாலும் நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். அந்த டப்பாவுக்காகத்தான் அந்த மாதங்களைத் தாண்டினாய் என்று உன் அம்மா வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நீ வடித்துக் கொடுத்தாய். வாயில் வைத்ததும் பச்சை வாடை. அதன் பின்னால் வறட்டுத் துவர்ப்பு, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கதவருகே நின்ற உன் அம்மா, நல்லா இருக்குன்னு சொல், என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"சொல்லுடீ."

"பச்சை வாடை அடிக்குது. துவர்ப்பு. கிழங்கு வரல."

"ரெண்டாவதுல வரும்." வடித்தாய்.

"வரல."

"மூணாவது?"

"தண்ணியா இருக்கு."

கிண்ணத்தின் மூடியை மூடினாய்.

"நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாய். குரலில் கிண்டல் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கி சிங்க்கில் கொட்டியவள் நீ. உன் அம்மா வாசல்வரை வந்து, "உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா? சாகக் கெடக்கறவகிட்ட ஒரு பொய் சொல்லக் கூடாதா?" என்றார். உங்க பொண்ணு அதுக்குத்தான் என்னைப் பழக்கினா ஆன்ட்டி, என்று சொல்ல நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் கேட்டைத் திறக்காமலே, "தூங்கறாம்மா" என்றார். உள்ளே நீ இருமுவது கேட்டது. அதற்கடுத்த சனிக்கிழமைக்குள் நீ போய்விட்டாய்.

உன்னை ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்து கிடந்தது உன் டப்பா.

"இதை யாருக்கா குடுத்தது?"

"அவங்க அம்மாதான். இனிமே யார் குடிக்கப் போறாங்க, எட்த்துக்கோன்னாங்க. இன்னா தூளும்மா இது, குச்சி குச்சியா கீது! எவ்ளோ போட்டும் கலரே எறங்கல. அப்டியே மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

பால், சர்க்கரை, தட்டிப் போட்ட இஞ்சி. மூன்று முறை பொங்கவைத்து இறக்கினார். வந்திருந்தவர்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள். யாரோ ஒருவர், "டீ சூப்பர், எந்தக் கடைத் தூளு?" என்று கேட்டார். எனக்கும் ஒரு பேப்பர் கப் வந்தது.

குடித்தேன். பால் அந்தத் துவர்ப்பை முழுதாக விழுங்கியிருந்தது. பச்சை வாடை இஞ்சியில் அடங்கிப்போயிருந்தது. சூடாகவும் தித்திப்பாகவும் இறங்கியது. கிழங்கையும் வெல்லத்தையும் தேடும் வேலையே அதில் இல்லை. நல்லா இருந்தது. நீ என்னிடம் கடைசியாகக் கேட்ட அந்தச் சொல், பொய்யே இல்லாமல் என் வாய்க்கு வந்தது. கப்போடு உள்ளே வந்து பெட்டிக்கு அருகில் நின்றேன். உன் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்தச் சொல் அப்படியே வாயில் நிற்கிறது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.