கொட்டகைக்கே கேட்ட பாட்டுப் புத்தகம்

அன்பு மச்சான்,

நேற்று குளுவாங் படக்கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பவர் புதிதாக ஒன்றை என் கையில் திணித்தார். நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் வாங்கும் முதல் புத்தகம். அச்சுமை வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய்.

உன் தங்கையைக் கட்டிய புண்ணியத்தில் எனக்குக் கிடைத்த சீதனம் நீ. ஊமைப்படக் காலத்தில் ஜொகூர் ராஜ்ஜியத்திலேயே உன்னைப்போல் ரசிகன் கிடையாது. மலேரியாவும் அதற்குத் தின்ற கொயினா மாத்திரையும் சேர்ந்து உன் காதுகளைத் தின்றிருந்தாலும், திரையில் யாரும் பேசாதவரை உனக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு பேசும் படம் வந்தது. நம் காஹாங் ரப்பர் தோட்டமே படம் பார்க்க லாரி ஏறியது. நீ ஒரு படத்தோடு நிறுத்திக்கொண்டாய்.

"வாயத் தொறந்து தொறந்து மூடுறாங்க மச்சான். கெளுத்தி மீனப் பாக்கவா அவ்ளோ தூரம் வரணும்?" என்றாய். சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை லயத்து வீட்டு வாசலில் நின்று லாரி போவதை நீ பார்த்த பார்வை எனக்குச் சிரிப்பாக இல்லை.

அதனால்தான் அடுத்த படத்தின் பாட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து உன் மடியில் போட்டேன். நீ மனப்பாடம் செய்த வேகத்தில் கித்தா மரங்கள் பால் விட மறந்தன. அதிலிருந்த கதைச் சுருக்கமோ, அரசி கைக்குழந்தையோடு வெள்ளத்தில் இறங்கும் இடத்தில் நின்றுகொண்டு, மீதியைத் திரையில் பார்க்கச் சொன்னது. அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னைக் குடைந்தாய். முதலை விழுங்கியது என்றேன்; மறுநாள், முதலையே அரசனாகி அவளைக் கட்டிக்கொண்டது என்றேன். பொறுக்கமுடியாமல் நீயே லாரியில் ஏறினாய்.

கொட்டகையில் அரசி வாய் திறந்ததும், உதட்டைப் பார்த்தே எந்த வரி என்று பிடித்துவிட்டாய். அதோடு விட்டாயா? கூடவே பாடினாய். உன் குரல்தான் உனக்குக் கேட்காதே. பொந்தியான் கடலில் படகுகள் திசை மாறியிருக்கும். முன்பெஞ்சுக்காரர் திரும்பி, "யோவ், படம் பாக்க வந்தியா, பாட வந்தியா?" என்றார். உன்னை வெளியே தள்ளிவிட்டால் இனி எந்தப் படத்துக்கும் வரமாட்டாயே என்று உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள் சொன்னார்: "அவர உடுங்க லா. அந்தச் சத்தப்பொட்டி கொரகொரங்குது, ஒன்னும் வெளங்கல. இவரு பாடுனாதான் பாட்டு புரியுது."

அதன்பிறகு கொட்டகை முழுவதும் உன் பாட்டைக் கேட்டுத்தான் அழுதது.

இப்போதும் புத்தகத்தைப் படித்துவிட்டே படத்துக்குப் போகிறேன். எந்த வரியில் அழப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு உட்காரும் சுகமே தனி. அது நீ கொடுத்தது.

அன்று லாரியில் திரும்பும் வழியில் என் முகத்தை உன் பக்கம் திருப்பி, "அந்த அரசியம்மா கொரலு எப்டி மச்சான் இருந்திச்சு?" என்று கேட்டாய்.

நீ உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னேன்: "யாருக்குத் தெரியும்? நீ எங்க கேக்க விட்ட?"

லாரியே குலுங்கச் சிரித்தாய். நான் சொன்னது மெய், மச்சான். அந்தப் பாட்டு எனக்கு இன்றும் ஒரு சொல் பிசகாமல் வரும். எந்த வாத்தியத்துக்கும் அடங்காத உன் மெட்டில்தான் வரும்.