தானாக நகரும் புல்வெட்டி

கொலம்பஸ், மே 12

அன்புள்ள வில்மா,

நீயும் உன் அம்மாவும் சுகந்தானே? அவருடைய முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. புது வேலையும் பழகிவிட்டது.

வீட்டைச் சுற்றிப் புல் மண்டிவிட்டதால் சனிக்கிழமை புல்வெட்டி வாங்கப் போனேன். பேட்டரியில் ஓடுவது, தள்ளாமலே தானாக நகர்வது. முதலில் பெரியதாக ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். அது என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசல் பூந்தொட்டியில் முட்டியது. கையில் சின்னச் சிராய்ப்புதான், பயப்படாதே.

கடைக்காரப் பெண்மணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்க அதை ஓட்டுறீங்களா, அது உங்களை ஓட்டுதா? வீட்ல யாரு சார் புல் வெட்டுவாங்க?"

"எங்க வீட்டம்மாதான். என்னைத் தொடவே விடமாட்டா."

சொன்ன பிறகுதான், இங்கே குடிவர நீ இன்னும் சம்மதிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"வேகமா நடப்பாங்களா?"

"இல்லம்மா. ஒவ்வொரு பூவா நின்னு பாத்துட்டுத்தான் நடப்பா."

அவர் சிறியதைக் காட்டினார். வெட்டி முடிக்க நேரமாகும். ஆனால் நடைக்கு ஏற்றபடி வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளலாம், கைப்பிடியையும் இறக்கிக்கொள்ளலாம். அதையே வாங்கிவிட்டேன்.

என் ரப்பர் பூட்ஸை அனுப்பி வை. நீ செய்த ஜாம் ஒரு பாட்டிலும் வை. வெறும் ரொட்டி அலுத்துவிட்டது.

நேற்று வெட்டும்போது பக்கத்து வீட்டு ஹார்லன், "என்னய்யா ரஸல், முதுகு பிடிச்சுக்கிச்சா? இப்படிக் குனிஞ்சு நடக்குற?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். கைப்பிடியை உன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன், வில்மா. ஏற்றிவைக்க மனம் வரவில்லை.

உன்
ரஸல்