வாண வேடிக்கை முடியும் வரை

அன்புள்ள உங்களுக்கு,

வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பொருளாதாரப் பாடம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் கப்பலிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அவர் முன்னால் பேச முடியாததை எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். நம் மகளுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் போகும் என்று டாக்டர் சொல்கிறார். மாப்பிள்ளை அடுத்த வாரம் லீவு போட்டு வருகிறார்.

நம் வீட்டுக்குப் பின்னால் வந்திருக்கும் கேளிக்கைப் பூங்காவைப் பற்றி உங்கள் தம்பி சொன்னது எதுவும் பொய்யில்லை. தெருவில் விளக்கு எரிகிறது, சாலை வழவழவென்று இருக்கிறது. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறார்கள். என்னிடம் படித்த ஒருத்திதான் ராட்சத ராட்டினத்துக்கு டிக்கெட் கிழிக்கிறாள். என்னைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கிறாள். மாடியில் குடியிருக்கும் பெண் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பூங்காவைச் சுற்றும் பொம்மை ரயிலை ஓட்டுகிறாள். ரயில்காரி என்றுதான் நம் வீட்டில் அவளுக்குப் பெயர். வாடகையைக் கேட்காமலே தந்துவிடுகிறாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். காய்கறிக் கடை இருந்த இடத்தில் இப்போது தொப்பி விற்கிறார்கள். என் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் கடை வாடகை கட்டுப்படியாகாமல் எங்கோ போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. செயற்கை அருவி ஓடுகிற நாளில் நம் குழாயில் தண்ணீர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் பூங்காவை மூடினார்கள், தெருவே படுத்துவிட்டது. தொப்பிக் கடைக்காரர் தொப்பிகளுக்கு நடுவில் ஒரு தொப்பி போல உட்கார்ந்திருந்தார். வகுப்பில் நான் இரண்டு பக்கத்தையும்தான் சொல்கிறேன். கடைசியில் ஒரு பையன், "அப்போ நல்லதா கெட்டதா மேடம்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது என்று நழுவினேன். அடிக்கவில்லை.

இனி நம் வீட்டு விஷயம். உங்கள் தம்பி முற்றத்தில் கார் நிறுத்த விடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி நிறுத்துகிறார் என்பது தெரியாது. தெரு முழுக்க இதே முறைதான். விடுமுறை நாளில் காலையில் வருகிறவர்கள் யாரும் இரவு வாண வேடிக்கை முடியாமல் கிளம்புவதில்லை. அதனால் வழி எதற்கு விட வேண்டும் என்று, ஒன்றின் வாலில் ஒன்றின் மூக்கு இடிக்கும்படி சுவரோடு சுவராக அடைக்கிறார்கள். சாவியை அவரவர் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் போய்விடுகிறார்கள். நம் முற்றத்தைப் போல அடைப்பதற்குத் தெருவில் வேறு ஆள் இல்லை என்று உங்கள் தம்பிக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்.

கடைசிக் கார் வந்து நின்றதும் வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் நான் ஒருக்களித்துத்தான் போக முடியும். நம் மகளால் அதுவும் முடியாது. வயிறு இடிக்கிறது. போன விடுமுறை நாளில் ஜன்னலருகே உட்கார்ந்து கார்க் கூரைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடல் மாதிரி இருக்கிறது, அப்பாவுக்கும் இப்படித்தான் தெரியுமோ என்றாள்.

அவசரம் என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். "கவலப்படாதீங்க அண்ணி, சொன்னா அஞ்சு நிமிஷத்துல வழி பண்ணிடுவேன்" என்றார். எப்படி என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். பின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. ஆனால் அதைத் திறந்தால் பூங்காவுக்குள்தான் போக முடியும். அந்தப் பக்கம் காவலாளி உண்டு. ரயில்காரி மாதிரி அட்டை வைத்திருக்கிற ஊழியர்களை மட்டும் விடுவார்.

கார் நிறுத்துவதை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவருடைய டயர் கடை இருந்த சாலையைப் பூங்காவுக்காக ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். பஞ்சரான வண்டி எதிர்த்திசையில் வர முடியுமா? கடை போயிற்று. முற்றமும் இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? இந்த நிலையில் நீங்களும் கப்பலை விட்டு வந்து, அவர் சொல்வதுபோல் வாடகைக்கு விட மாடிமேல் மாடி கட்டி, நாம் எல்லோருமே வாண வேடிக்கை எப்போது முடியும் என்று காத்திருப்பதா? அதனால் இப்போதைக்கு வர வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

நாளைக்கும் விடுமுறை. காலையிலிருந்தே கார்கள் வரும். இந்தக் கடிதத்தை நாளை மறுநாள்தான் தபாலில் சேர்க்க முடியும்.

இயந்திர அறையில் வெப்பம் அதிகம் என்றீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

மறுநாள் இரவு, ஆஸ்பத்திரியில்.

பேத்தி பிறந்திருக்கிறாள் என்று போனில் சொல்லிவிட்டோம். தாயும் பிள்ளையும் நலம். எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. உங்கள் தம்பி பக்கத்தில் நின்றார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் தெரு முனையிலிருந்து போன் செய்தார். இதற்கு மேல் ஓர் அடி நகராது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எந்த வழியாகத் தூக்குவது? உங்கள் தம்பி கார்களின் மேல் ஏறிக் குதித்து ஓடினார். பூங்கா வாசலில் கார் நம்பர்களைச் சொல்லி மைக்கில் அறிவிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். காணாமல் போன குழந்தைகளுக்கு மட்டும்தான் மைக், மற்றதெல்லாம் வந்தவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கும் என்றார்களாம். திரும்பி வந்து முன் காரைத் தன் கையால் தள்ளிப் பார்த்தார். கியரில் இருந்தது. அது அசையவில்லை. அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் ரயில்காரிக்குப் போன் செய்தேன். வேறு வழி தோன்றவில்லை.

ரயிலைப் பின் சுவரோரம் நிறுத்திவிட்டு, பூங்காப் பக்கமிருந்து கதவைத் தட்டினாள். காவலாளி, வெளியாட்கள் முன் வாசல் வழியாக டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும், எனக்கு வேலை போய்விடும் அம்மா என்று என்னிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது. ரயில்காரி தன் கழுத்து அட்டையைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"போறது என் வேலையாவே இருக்கட்டும்ணே. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்றார்.

பொம்மை ரயிலில் குழந்தைகள் உட்காரும் பலகையில் நம் மகளைப் படுக்க வைத்தோம். கால் வெளியே நீண்டது. பூங்காவுக்குள் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அருவியையும் ராட்டினத்தையும் கோமாளிகளையும் கடந்து போனேன். ரயிலில் பாட்டு தானாகப் பாடியது. நிறுத்தும் பொத்தான் கிடையாதாம். வரிசையில் நின்ற பிள்ளைகள் எங்களுக்குக் கையசைத்தார்கள். வலிக்கு நடுவில் உங்கள் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கோம்மா. இனிமேயாவது பாத்துட்டுப் பாடம் நடத்து" என்றாள். உங்கள் வாய் அப்படியே இருக்கிறது அவளுக்கு. மறுபக்கத்தில் பூங்காவின் சொந்த ஆம்புலன்ஸ் நின்றது. அவர்களுக்கென்று தனிச் சாலை இருக்கிறது, காலியாக. வகுப்பில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று கேட்காதீர்கள்.

ரயில்காரியை நாளைக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கென்று சொல்லவில்லை. அவள் வேலை போனால் மாடியில் வாடகை இல்லாமலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை, அதுவும் உண்மைதான். வேலையை விடுவதும் விடாததும் உங்கள் முடிவு. ஆனால் ஒரு முறை வாருங்கள். விடுமுறை நாளாக இருந்தால் தெரு முனையிலேயே இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வாருங்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். உங்கள் தம்பி வாசலை அடைத்து நின்ற காரின் சொந்தக்காரரை எப்படியோ தேடிப் பிடித்து அதை எடுக்கவைத்திருந்தார். அந்த இடத்தில், வாசலிலிருந்து கேட் வரை சுண்ணாம்பால் இரண்டு கோடு. இனி இது எப்போதும் காலியாக இருக்கும் என்று போனில் என்னிடம் சத்தியம் செய்திருந்தார். நான் போனபோது கோடுகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்து நிமிஷத்துல வந்துடறோம்னாங்க அண்ணி. கைக்குழந்தை வேற வச்சிருந்தாங்க."

துணி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகு, அந்தக் கார் போய்விட்டதா என்று போனில் கேட்டேன். வாண வேடிக்கை முடிந்ததும் போனது என்றார்.