சுவருக்குள் நான்கு பல்பு

ஜூலை 3, புதன்

இன்றும் ஃபியூஸ் போயிற்று. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. சித்தி தன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில் அம்மாவோடு துணி தேய்க்கச் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். கட்டில் நிறைய ஆஸ்பத்திரிக் கோட்டுகள். நாளைக் காலையில் எடுத்துப்போக ஆள் வந்துவிடும். அப்பா பஸ் டியூட்டியில் வெளியூர் போயிருக்கிறார், வர இரண்டு நாளாகும். ஃபியூஸ் கம்பிச் சுருளும் தீர்ந்துவிட்டது.

பழைய மேஜை விளக்கின் வயரைச் சீவி, செம்பு இழைகள் நான்கை ஒன்றாக முறுக்கி ஃபியூஸ் கட்டையில் போட்டேன். கரண்ட் வந்தது. "நம்ம வீட்டுக்கு இனிமே எலக்ட்ரீஷியன் எதுக்குடி?" என்றாள் சித்தி. அம்மா என் தலையைத் தடவினாள்.

ஜூலை 5, வெள்ளி

அப்பா கேட்டார்: "மெயினை அணைச்சிட்டுத்தானே கை வச்சே?"

"ஆமாம்ப்பா."

"ஃபியூஸ் கம்பிதானே போட்டே?"

"ஆமாம்."

முதல் ஆமாம் உண்மை.

ஜூலை 8, திங்கள்

தங்கை தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன்.

இன்று அறிவியல் டீச்சர் மின்தடையும் திறனும் கணக்கிடச் சொன்னார். ஆறு வோல்ட், அரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பன்னிரண்டு ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், மூன்று வாட். முதலில் முடித்தது நான்தான். அப்போது கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "எங்க வீட்டுல ஃபியூஸ் அடிக்கடி போகுது டீச்சர். நல்ல ஃபியூஸ் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"போறதுதான்மா நல்ல ஃபியூஸ். தடிச்ச கம்பியைப் போட்டுப் பாரு, ஃபியூஸ் பிழைச்சுக்கும், வீடு போயிடும்."

வகுப்பே சிரித்தது. எனக்கு நான் முறுக்கிப் போட்ட நான்கு இழை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஆயிரம் வாட் என்று இருக்கிறது. வெந்நீர் ஹீட்டர் ஆயிரத்து ஐந்நூறு. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு. அதை இருநூற்று முப்பதால் வகுத்தால் பதினைந்து ஆம்பியருக்கு மேல் வருகிறது. ஃபியூஸ் கட்டையில் 5 என்று அச்சடித்திருக்கிறது.

திரும்பத் திரும்ப வகுத்தேன். அதேதான் வருகிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் வீட்டுக்குள் வருகிற வோல்ட் எண்ணாகத் தெரியும். எதுவும் ஓடாதபோது 228. சாயங்காலம் இரண்டு பெட்டியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடியபோது 212. பதினாறு வோல்ட் எங்கே போயிற்று? பெட்டிக்கு வரவில்லை, வழியிலேயே செலவாகிறது. பதினாறை ஆம்பியர் பதினைந்தால் பெருக்கினால் 240 வாட்.

வகுத்தால் வயரின் மின்தடை ஒரு ஓம்தான். ஒரு ஓம் என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

240 வாட். அறுபது வாட் பல்பு நான்கு. கொஞ்சம் தெருக் கம்பத்திலிருந்து வருகிற வயரிலேயே போயிருக்கலாம். மிச்சம்? கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தொட்டேன். ஓரிடத்தில் மட்டும் வெதுவெதுப்பு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. தங்கை அந்தச் சுவரில் கால் போட்டுத்தான் தூங்குகிறாள்.

ஜூலை 10, புதன்

கடையில் கம்பி வாங்கி யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். மறுநாளே ஃபியூஸ் போகும். இத்தனை நாள் எப்படிப் போகாமல் இருந்தது என்று அப்பா கேட்பார். பிறகு?

சாயங்காலம் ஹீட்டரை மெதுவாக அணைத்தேன். அம்மா, "வெந்நீர் போட்டா இவளுக்கு ஏன் கண்ணை உறுத்துது?" என்றாள்.

"அம்மா, சுவர் சுடுது."

"இந்த வெயில்ல சுவர் சுடாம குளிருமா? போய்ப் படி."

படித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று வாயில் வரவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை எனக்கு? அப்பா அடிப்பார் என்றா? அதில்லை. அப்பா அடிக்கமாட்டார். இனிமேல் நான் சொல்வது எதையும் நம்பமாட்டார்.

தங்கையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். உதைக்கிறாள்.

ஜூலை 11, வியாழன்

ரப்பர் தீய்ந்த வாசனை. எனக்கு மட்டும்தான் வருதா?

ஜூலை 12, வெள்ளி

செய்துவிட்டேன். காலையில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, புத்தகப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆறு பாடம் முடிகிறவரை மடியில் கல்லை வைத்துக்கொண்டிருந்த மாதிரி.

திரும்பி வந்தபோது ஹாலில் எலக்ட்ரீஷியன். கட்டையைக் காணோம் என்று அம்மா கூப்பிட்டிருக்கிறாள். வந்தவர் கட்டில் பின்னால் தீய்ந்த வாசனையை மோந்து, சுவரில் வயர் பெட்டியின் மூடியைக் கழற்றியிருக்கிறார். வயரின் இணைப்பு கரியாக இருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதன் மரச்சட்டத்தில் கை அகலத்துக்குக் கறுப்பு.

கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எலக்ட்ரீஷியன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஃபியூஸா, தாம்புக்கயிறா?" என்றார்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "நான்தான்ப்பா போட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்." வாட்டும் ஆம்பியரும் வகுத்துப் பார்த்திருந்த கணக்கு நோட்டையும் நீட்டினேன். நின்றபடியே இரண்டு பக்கமும் வாசித்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"திங்கட்கிழமை."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார். அடித்திருக்கலாம்.

கோட்டுகளைச் சித்தி தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அம்மா தங்கையின் தலையணையை அந்தச் சுவரோரத்திலிருந்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

புது வயர். அதற்கேற்ற ஃபியூஸ். சித்தி மறந்துபோய் ஹீட்டரையும் போட்டுவிட்டாள், சாயங்காலம் ஃபியூஸ் போயிற்று. இருட்டில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. "போகட்டும், அது வேலையை அது பாக்குது. ஹீட்டரை அணைடி" என்றாள் அம்மா.

அப்பா மெயினை அணைத்துவிட்டு, கட்டையையும் கம்பிச் சுருளையும் என் கையில் கொடுத்தார். டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார். ஒற்றை இழையைக் கட்டி முடித்தேன்.

"வெளிச்சத்துல காட்டு" என்றார்.

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"சரி, போடு."