ஷி வன்லியாங்கின் கஞ்சியில் பன்றிக்கொழுப்பு கலப்பதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
காவ் சூயின்,
க/பெ. ஷி வன்லியாங், ஆட்டிறைச்சிக் கடை,
நரம்பு நீக்குவோர் சந்து, கைஃபெங்.

பெறுநர்:
மேன்மைமிகு நீதிபதி அவர்கள்,
கைஃபெங்.

பொருள்: உளவாளி என்று பிடிக்கப்பட்ட என் கணவரை வேறு வகையில் சோதித்துப் பார்க்க வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். கடைத்தெருவில் மனு எழுதுபவரிடம் சொல்லி எழுதுகிறேன். முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. மேற்கே முஸ்லிம்கள் கலகம் செய்வதாகச் செய்தி வந்ததிலிருந்து, பன்றி தின்னாதவர் எல்லோர்மீதும் காவலர்களுக்குச் சந்தேகம். இம்மாதம் பதினோராம் நாள் என் கணவரைக் கடையிலிருந்தே இழுத்துப் போனார்கள். எங்களுக்கும் பன்றி விலக்குதான். ஆனால் நாங்கள் முஸ்லிம்கள் அல்ல, இஸ்ரவேல் வழி வந்த யூதர்கள். ஆட்டுத் தொடையின் நரம்பை உருவி எறியாமல் கறி தின்ன மாட்டோம். எங்கள் சந்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

பள்ளிவாசல் தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் திங் வாய்லீ முஸ்லிம். தொழிலில் எங்களுக்குப் போட்டி. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவரே வலிய வந்து, "இந்த ஆளு எங்க கூட்டம் இல்லைங்க. ஒரு நாளும் எங்க தொழுகைக்கு வந்ததில்ல" என்று சாட்சி சொன்னார். மன்ற எழுத்தரோ, "ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க" என்று சொல்லி அவரையும் உள்ளே தள்ளிவிட்டார்.

3. வேறு மதம் என்றால் உன் வேதத்தை வாசித்துக் காட்டு என்றார்கள். வெள்ளத்தில் இடிந்த எங்கள் கோயிலிலிருந்து மீட்ட தோல்சுருளை நானே தூக்கி வந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதை வாசிக்கத் தெரிந்த கடைசிப் பெரியவர் இறந்து ஐம்பது வருடமாகிறது. என் கணவருக்குத் தெரிந்தது, அவர் தகப்பனார் காலையில் முணுமுணுத்த ஒரே ஒரு வரி. அதற்கும் பொருள் தெரியாது.

சபையில் தலைகுனிய வெட்கப்பட்டு, சுருளைப் பார்த்தபடி அந்த வரியைச் சொன்னார். எழுத்தர் கெட்டிக்காரர், நான்கு முழம் தள்ளி விரித்து, இங்கே வாசி என்றார். அதே வரி. சுருளின் கடைசி முனையை விரித்தார். அங்கும் அதே வரிதான். எல்லோரும் சிரித்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அவரைப் பொய்யன் என்று பதிந்துகொண்டார்கள். பொய்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அது வெட்கத்தில் சொன்ன பொய்.

4. பன்றிக்கறி தின்றால் முஸ்லிம் இல்லை என்று விட்டுவிடுவதாகச் சிறைக் காவலர் சொன்னார். என் கணவர் தொடவில்லை. அன்றிலிருந்து கஞ்சியிலேயே கொழுப்பைக் கலக்கிறார்கள். ஐந்து நாளாக வெறும் தண்ணீர்தான் குடிக்கிறார். நேற்று நானே கதவுக்கு வெளியே நின்று, "கண்ண மூடிக்கிட்டுத் தின்னு தொலைங்க, உசுரு பெருசில்லையா?" என்றேன். அவர், "கோயில் போச்சு, எழுத்து போச்சு. மிச்சம் இருக்கிறது இந்த வாய்க்கட்டு ஒண்ணுதான் சூயின். இதையும் விட்டுட்டு வெளிய வந்தா, வர்றது யாரு?" என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டு வீடு வந்தேன்.

5. ஆகையால் அவர் நாக்கை விட்டுவிட்டுக் கையைச் சோதித்துப் பாருங்கள். காவல் வைத்துக்கொண்டு, ஆட்டின் பின்னங்கால் ஒன்றும் கத்தியும் கொடுங்கள். நரம்பு அறுபடாமல் முழுதாக உருவி வைப்பார். இந்த நகரில் எங்கள் கூட்டத்தாரைத் தவிர வேறு எந்தக் கசாப்புக்காரரும் அதைச் செய்வதில்லை. கறி சேதமாவதைத் தவிர அதில் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. திங் வாய்லீக்கு அந்த வேலை தெரியாது. அதற்காக அவரைக் குற்றவாளி என்று எண்ண வேண்டாம். உண்மை சொல்ல வந்தவர். அவரையும் விட்டுவிட வேண்டும்.

6. இதற்கு முன்பாக ஒன்று கேட்கிறேன். கொழுப்புக் கலக்காத தினைக்கஞ்சி ஒரு கிண்ணம் கொடுக்க அனுமதி தாருங்கள். வீட்டில் காய்ச்சி, காவலர் கண்ணெதிரே நான் முதலில் குடித்துவிட்டுத் தருகிறேன். நேற்றே தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. இன்னும் இரண்டு நாள் போனால், தாங்கள் மனமிரங்கிக் கத்தியைக் கொடுத்தாலும் அந்தக் கையால் நரம்பை உருவ முடியாது. சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சிக்கு இன்றே உத்தரவிடுங்கள், ஐயா.

இடம்: கைஃபெங்
நாள்: பேரரசர் தோங்ஜி ஆட்சியின் முதலாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் 19

இப்படிக்கு,
தங்கள் வாசலில் காத்து நிற்கும்
காவ் சூயின்
(இடது பெருவிரல் ரேகை)